தேடிச் சென்ற தாயுள்ளம்

வேலூர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கோட்டை. அகழி சூழ்ந்த அந்தக் கற்கோட்டைக்குள்ளேதான் 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிப்பாய்கள் சீறி எழுந்தனர். அடுத்து நினைவுக்கு வருவது சிறைச்சாலை. கொண்ட கொள்கைக்காகக் கம்பிகளுக்குப் பின்னே நின்ற காளையர் எத்தனையோ பேரை அந்தச் சிறை கண்டிருக்கிறது.

ஆனால், காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். வங்கத்திலிருந்து வருகிறார்கள். பீகாரிலிருந்து வருகிறார்கள். அசாமிலிருந்து, ஆந்திரத்திலிருந்து வருகிறார்கள். கையிலே மூட்டை, கண்ணிலே கலக்கம், தோளிலே சாய்ந்தபடி ஒரு நோயாளி. கோட்டையின் கொத்தளத்தைக் காணவா இவர்கள் இத்தனை தொலைவு வருகிறார்கள்? இல்லை. கோட்டை கட்டிய மன்னர் பெயர் இவர்களுக்குத் தெரியாது. அந்த ஊரிலே ஒரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போனால் உயிர் பிழைக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

அந்த மருத்துவமனையைக் கண்டவர் ஒரு பெண்மணி. ஐடா ஸ்கடர் அம்மையார். 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் பிறந்து, 1960ஆம் ஆண்டு மே திங்கள் 24ஆம் நாள் கொடைக்கானலில் கண்மூடியவர். எண்பத்தொன்பது ஆண்டு வாழ்வு! அதிலே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளை, வேலூருக்கும் அதைச் சுற்றிய சிற்றூர்களுக்கும் வழங்கியவர். தெற்கே ஜவ்வாது மலை, சுற்றிலும் வானம் பார்த்த பூமி, நெசவும் தோல் தொழிலும் பீடி சுற்றுவதும் பிழைப்பாகக் கொண்ட மக்கள்... இதுதான் அவர் பணி செய்த களம்.

தோழர்களே, அம்மையார் டாக்டர்தானே, நர்சு அல்லவே என்று சிலர் எண்ணலாம். பட்டத்தால் அவர் டாக்டர்தான். ஆனால் அவர் தொடங்கியது ஒரு தாதியின் வேலையிலே. அவர் முதலில் உருவாக்கியது டாக்டர்களை அல்ல, நர்சுகளை. அவர் வாழ்வின் முழுப் பொருளும் அதிலேதான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது இராணிப்பேட்டையில். தந்தை ஜான் ஸ்கடர், அமெரிக்க நாட்டு மருத்துவர், ஆர்க்காட்டுப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார். பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நடத்திய வைத்தியத் தொழிலை விட்டுக் கப்பலேறி, 1819ஆம் ஆண்டு இலங்கையில் வந்து இறங்கி, யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு மருத்துவம் செய்தவர். பிறகு சென்னைக்கு வந்தவர். ஆக, பேத்தி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழரின் நாடியைப் பிடித்துப் பார்த்த குடும்பம் அது.

அந்தக் குழந்தைக்கு ஆறேழு வயது இருக்கும்போது வந்தது பெரும் பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் பெயரிட்டு அழைத்த 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம்! சென்னை மாகாணமெங்கும் மழை பொய்த்தது; மாடு மடிந்தது; மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பசியால் சுருண்டு கிடந்த பிள்ளைகளின் வாயிலே உணவைப் பிட்டு ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்கும் தரப்பட்டது. தன் வயதுடைய பிள்ளைகள் தன் கண்ணெதிரே எலும்பும் தோலுமாகக் கிடந்த காட்சி, ஒரு பிஞ்சு நெஞ்சிலே என்ன செய்யும்? அச்சத்தை வளர்க்கும். இந்த நாடே வேண்டாம் என்ற எண்ணத்தை விதைக்கும். அதுதான் நடந்தது. அமெரிக்காவுக்குச் சென்று படிப்பிலே ஈடுபட்ட ஐடா, தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து பணியாற்றும் எண்ணமே இல்லாதவராகத்தான் வளர்ந்தார்.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தொண்டு உள்ளம் சிலருக்குத் தொட்டிலிலேயே வந்துவிடுகிறது என்று கதை கட்டுவோர் உண்டு. பிறவியிலேயே பெருமை வந்துவிடும் என்பதை ஏற்காதவர்கள் நாம். மனிதரை ஆக்குவது அவர் காணும் உலகம். அதைக் கண்டபின் அவர் எடுக்கும் முடிவு. ஐடா அம்மையாரின் வாழ்க்கை அதற்கு ஒரு சான்று.

1890ஆம் ஆண்டு. தாயாருக்கு உடல் நலமில்லை என்று செய்தி வர, இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் திண்டிவனம் வந்து சேர்ந்தார். எதற்கு வந்தார்? படுக்கையிலிருந்த தாய்க்கு அருகிருந்து பணிவிடை செய்ய. மருந்து கொடுக்க, வீட்டைக் கவனிக்க. நாம் சொன்ன தாதி வேலை அதுதான். தாய் தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதே திட்டம்.

அப்போது வந்தது ஓர் இரவு. மூன்று முறை கதவு தட்டப்பட்ட இரவு.

முதலில் தட்டியவர் ஒரு பார்ப்பனர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஆகவில்லை. அமெரிக்கப் பெண் வந்து உதவ வேண்டும். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தை கைதேர்ந்த டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. வந்தவர் பதறிப் போனார். அந்நிய ஆடவன் என் மனைவியைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாவதே மேல் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு இருளிலே மறைந்தார். சற்று நேரத்தில் மறுபடியும் தட்டும் ஓசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் மேல்சாதி என்று சொல்லிக்கொண்ட இன்னொருவர். அவரும் அதே பதிலைச் சொல்லிப் போனார்.

பொழுது விடிந்தது. விசாரித்து வரச் சொன்னார் ஐடா. செய்தி வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வேறு வேறு மதம், வேறு வேறு சாதி. ஒரே தெருவில் நடந்தாலும் ஒதுங்கி நடக்கும் அளவுக்கு ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்கள். ஆனால் ஒன்றில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள். பெண்ணின் உயிரைவிட வழக்கம் பெரிது என்பதிலே! அந்த மூன்று பெண்களைக் கொன்றது நோயா? நோய் என்றால் மருந்து இருந்தது. மருத்துவர் இல்லாமையா? நாலு எட்டு தூரத்தில் மருத்துவர் இருந்தார். கொன்றது வழக்கம். கொன்றது, பெண்ணைப் பூட்டி வைத்துவிட்டு, பூட்டைத் திறக்கும் சாவியைப் பெண்ணின் கையிலும் கொடுக்க மறுத்த ஏற்பாடு. பெண்ணுக்குப் பெண்தான் மருத்துவம் பார்க்க வேண்டும் என்பார்கள். பெண் படிக்கக் கூடாது என்றும் அவர்களே சொல்வார்கள். இடையிலே கிடந்து செத்தவள் யார்? பதினைந்து பதினாறு வயதில் தாயாகப் போன பேதைப் பெண்!

பெண்கள் படிக்க வழியே இல்லாத காலம் என்றும் சொல்வதற்கில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே படித்த மேரி ஷார்லீப் அம்மையார்தான் 1885இல் சென்னையில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை காண முன்னின்றார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்பது அது. தொடக்கத்தில் அதன் பெயரிலேயே சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரிய மருத்துவமனை என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்கும் இடத்தின் பெயர்ப் பலகையிலும் சாதி! அப்படிப் பலகை எழுதினால்தான் பெண்களை வெளியே விட்டார்கள் என்றால், நாடு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஐடா முடிவு செய்தார். அழுது தீர்க்கவில்லை, விதி என்று சொல்லி விலகவில்லை. டாக்டராக வேண்டும், திரும்பி வந்து இந்தப் பெண்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்று உறுதி பூண்டார். அமெரிக்காவிலும் பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மற்றக் கல்லூரிகள் கதவடைத்ததால்தான் 1850இல் பென்சில்வேனியாவில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி எழுந்தது. முதலில் அங்கே படித்தார் ஐடா. கார்னெல் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். பெண்ணைத் தடுக்கும் பூட்டு நம் நாட்டில் மட்டும் தொங்கவில்லை. உலகெங்கும் தொங்கியது. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் வர வேண்டியிருந்தது.

திரும்பும்போது வெறுங்கையோடு வரவில்லை. நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கி முதலாளி, இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார் ஐடா. தந்தையிடம் தொழில் பழகலாம் என்று வந்தவருக்கு அடி விழுந்தது. அதே ஆண்டில் தந்தை மறைந்தார். அனுபவம் இல்லாத இளம்பெண், அதிலும் தனி ஆள். ஊராருக்கோ ஐயம். அந்த நிலையில், வேலூர் பங்களாவின் ஓர் அறையில், ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியசாலையைத் தொடங்கினார்.

உதவிக்கு யார்? படித்த நர்சு ஒருத்தி உண்டா? இல்லை. சலோமி என்ற தமிழ்ப் பெண், அந்த வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி, பக்கத்தில் வந்து நின்றாள். கட்டுப் போடவும் கருவிகளைக் கொதிநீரில் சுத்தம் செய்யவும் அவளுக்குக் கற்றுக் கொடுத்தார் ஐடா. வேலூர் மருத்துவமனை வளாகத்தில் இன்று ஆயிரக்கணக்கில் நடமாடும் நர்சுகளுக்கெல்லாம் முன்னோடி யார் என்று கேட்டால், சீமையிலே படித்த சீமாட்டி அல்ல, சமையற்கட்டு ஓரத்திலிருந்து வந்த அந்தத் தமிழ்த் தாய் என்றுதான் சொல்ல வேண்டும். உழைப்பாளியின் வீட்டுப் பெண் அவள். அவள் பெயரையும் நாம் மறக்கக் கூடாது.

இரண்டே ஆண்டுகளில் அந்தச் சின்னஞ்சிறு வைத்தியசாலைக்கு வந்தவர்கள் ஐயாயிரம் பேர்! 1902இல் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. நாற்பது படுக்கைகள். அதிலும் இடம் போதவில்லை.

இங்கேதான் அம்மையாரின் அறிவு வெளிப்பட்டது. தானே டாக்டர், தானே தாய், தன்னாலேதான் எல்லாம் என்று அவர் இருந்திருக்கலாம். ஊரும் தெய்வமாக்கிக் கும்பிட்டிருக்கும். ஆனால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒருத்தியின் இரண்டு கைகள் எத்தனை பேரைத் தொடும்? தான் இறந்த மறுநாள் என்ன ஆகும்? அந்தக் கேள்விதான் 1909இல் நர்சுப் பயிற்சிப் பள்ளியாக உருவெடுத்தது. டீலியா ஹோட்டன் என்ற அமெரிக்க நர்சு அதற்குத் துணை நின்றார்.

நர்சு வேலை என்றால் அன்றைக்கு ஊர் எப்படிப் பார்த்தது? இரத்தத்தைத் தொடுபவள், சீழைத் துடைப்பவள், மலச்சட்டி எடுப்பவள், ஆகவே தீட்டு. குடும்பப் பெண் செய்யத் தகாத வேலை என்று முகம் சுளித்தார்கள். நோயாளியின் அழுக்கு, சுமந்தவளின் அழுக்காகி, அவள் சாதிக்கும் ஒழுக்கத்துக்கும் மாசாகிவிட்டது! ஆகவே முதலில் துணிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள். தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டுக் கிடந்த குலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். தீண்டாதே என்று ஊர் தள்ளி வைத்த கைதான், ஊரின் உயிரைத் தாங்கிப் பிடித்தது. இதைவிடச் சாட்டையடி சாதிக்கு வேறென்ன இருக்க முடியும்? மேடையேறி நாம் மணிக்கணக்கில் பேசிப் புரிய வைக்க முயல்வதை, நள்ளிரவில் நோயாளியின் நெற்றியைத் துடைத்த அந்தக் கை, ஒரு சொல்லும் பேசாமல் சொல்லிவிட்டது.

மருத்துவமனை எழுந்தது, நர்சுகள் வந்தார்கள், நோயாளிகளும் வந்தார்கள். வர முடியாதவர்கள்? பத்துக் கல், இருபது கல் தொலைவில், வண்டிக்குக் கூலி கொடுக்க வழியில்லாதவர்கள்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் உலை வைக்க முடியாதவர்கள்? அவர்கள் வரமாட்டார்கள். நோய் முற்றிய பிறகு வருவார்கள், அல்லது வராமலே இறப்பார்கள். நீங்கள் வராவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று புறப்பட்டார் அம்மையார். முதலில் மாட்டு வண்டியில். 1909 முதல், பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ மோட்டார் வண்டியில். குடியாத்தம் சாலையிலே வாரம் ஒருநாள் அந்த வண்டி ஓடும். மோட்டாரையே கண்டிராத மக்கள், பேய் வருகிறது என்று ஓடி ஒளிந்தார்கள் என்பார்கள். சில வாரங்களில் அதே மக்கள், வண்டி வரும் நாளை எண்ணிக் காத்திருந்தார்கள்.

மரத்தடிதான் மருத்துவமனை. சாலையோரம் வண்டி நிற்கும். கண்ணோய்க்காரர், சிரங்கு பிடித்த பிள்ளைகள், ஆறாத புண்ணுக்கு ஆளான உழவர், காய்ச்சலில் நடுங்கும் கிழவி என்று வரிசை நீளும். ஒரு நர்சு புண்ணைக் கழுவுவாள், இன்னொருத்தி மருந்து கலந்து கொடுப்பாள், அம்மையார் நோயாளியைப் பார்ப்பார். பிறகு அடுத்த நிறுத்தம், அடுத்த மரத்தடி. அங்கே எந்த வரிசையில் எந்தச் சாதி நிற்பது என்று பிரித்து நிறுத்த இயலுமா? நோய்க்குச் சாதி இல்லை என்பதை அந்தப் புளியமரத்து நிழல் பாடமாக நடத்தியது.

மருத்துவமனை காத்திருக்கும் இடம் அல்ல, தேடிச் செல்லும் படை என்ற எண்ணத்தை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேலூர்ப் புழுதிச் சாலையிலே நடத்திக் காட்டினார்கள் அந்தப் பெண்கள். இன்று நடமாடும் மருத்துவமனை என்கிறோம். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், தன்னார்வலர்களாகப் பெண்கள் வீட்டுப் படியேறி இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், நீரிழிவுக்கு மாத்திரை தருகிறார்கள். அந்தப் பெண்கள் நடக்கும் தடத்துக்கு முன்தடம் போட்டவர்களில் குடியாத்தம் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போன அந்த நர்சுகளும் உண்டு.

அடுத்த படி, பெண் டாக்டர்கள். அதைச் சொன்னபோது நகைத்தவர்கள் உண்டு. தமிழ்ப் பெண்களாவது, உடற்கூறு படிப்பதாவது என்று ஏளனம் செய்தார்கள். 1912இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஏளனத்துக்கு விடை எழுதிவிட்டவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார். பின்னாளில் தேவதாசி முறை ஒழியப் போராடியவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கண்டவர். ஆனால் ஒரு முத்துலட்சுமி போதுமா? ஊருக்கு ஒருவர் வேண்டாமா? 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மாகாணத் தேர்வில் ஆண்களே தடுமாறி விழும்போது இந்தப் பெண்கள் எங்கே தேறப் போகிறார்கள் என்றார்கள் அதிகாரிகள். முதலாண்டுத் தேர்வு எழுதிய அத்தனை பெண்களும் தேறினார்கள்! 1922இல் முதல் அணியில் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்தில் மூன்று வீடுகளில் மூன்று பெண்கள் மடிந்ததற்கு, முப்பது ஆண்டு கழித்து வந்த பதில் அந்தப் பதினான்கு பேர்.

சோதனை மீண்டும் வந்தது. 1930களின் இறுதியில், எல்.எம்.பி. என்ற அந்தப் படிப்பை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்புத்தான் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. படிப்பின் தரம் உயர வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பட்டப் படிப்பு நடத்த வேண்டுமானால், மேலும் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், பெரும் பணம் எல்லாம் வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். எழுபதை எட்டிய வயதில் அம்மையார் என்ன செய்தார்? ஓய்வு பெற்று ஒதுங்கவில்லை. உலகப் போர் மூண்டிருந்த காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஊர் ஊராகப் போனார், கூட்டம் கூட்டமாகப் பேசினார், கையேந்தினார். கட்சி வளர்க்க உண்டியல் ஏந்திய தோழர்களுக்கு அந்த அருமை புரியும். ஒவ்வொரு காசும் ஒரு சொற்பொழிவு. ஒவ்வொரு சொற்பொழிவும் ஒரு பயணம். 1942இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பெண்களுக்கென்று கட்டியதில் ஆண்களுக்கு இடம் தருவதா என்று அமெரிக்காவில் அவருக்கு நெருங்கியவர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் வாழ வேண்டும் என்பதற்காக அதையும் தாங்கிக்கொண்டார்.

நர்சுகளையும் அவர் மறந்துவிடவில்லை. 1909இல் பயிற்சிப் பள்ளியாக முளைத்தது, 1946இல் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. நர்சுக்குப் பட்டமா என்று நாடு வியந்த காலம் அது. டில்லியிலும் வேலூரிலும் அந்த ஒரே ஆண்டில்தான் நாட்டில் முதன்முதலாக அந்தப் படிப்புத் தொடங்கியது. தீட்டு என்று திட்டப்பட்ட தொழில், பல்கலைக்கழகப் பட்டமாயிற்று! முப்பத்தேழு ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம், எந்தக் கோட்டையைப் பிடித்ததற்கும் குறைந்ததல்ல.

அதே 1946இல் பொறுப்பிலிருந்து விலகினார் அம்மையார். பின்னர் அந்த நிறுவனத்தின் தலைமை, ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டரிடம் வந்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மனிதரை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தான் கட்டியதைத் தான் இருக்கும்போதே பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்து மகிழ்ந்தவர் இவர். டென்னிஸ் ஆடுவதில் பெருவிருப்பம் கொண்டவர். அறுபதைக் கடந்தும் மட்டை பிடித்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையே குடும்பமாயிற்று.

அவர் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர், அந்தச் சமயத்தின் பெயராலேயே பணி செய்தவர். அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்கவில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. ஆனால் நாம் கேட்பது ஒன்று. நோயாளியைக் கண்டபோது அவர் என்ன செய்தார்? மந்திரித்து அனுப்பினாரா? தாயத்துக் கட்டினாரா? போன பிறவிப் பாவம் என்று சொல்லித் தேற்றினாரா? கையைக் கழுவினார், கருவியைக் கொதிக்க வைத்தார், கத்தியைப் பிடித்தார். அறிவை நம்பினார். அந்த அறிவைத் தமிழ்நாட்டுப் பெண்களின் கையில் கொடுத்தார். நாம் தலைவணங்குவது அதற்கே. வெள்ளைக்காரி வந்து நம்மைக் காப்பாற்றினாள் என்ற கதையும் நமக்கு வேண்டாம். காப்பாற்றியது சலோமியும்தான், 1922இல் வெளிவந்த பதினான்கு பேரும்தான், பெயர் எழுதப்படாத ஆயிரமாயிரம் நர்சுகளும்தான். அம்மையாரின் பெருமை, தான் இல்லாமலும் நடக்கும்படி ஒரு காரியத்தைச் செய்து வைத்ததிலே இருக்கிறது.

அவர் மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. காரியம் முடிந்துவிட்டதா?

வேலூருக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கிறது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மலை. சாமை விளைவித்து, தேன் எடுத்து, புளியும் பலாவும் விற்று வாழும் பழங்குடி மக்களின் மலை. மலையாளி என்று அவர்களுக்குப் பெயர். மலையை ஆள்பவர் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்து மலையிறங்கிய துயரம் அந்த ஆளும் மக்களுக்குத் தெரியும். வேலூர் மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவினர் அந்த மலையேறிப் பணி செய்திருக்கிறார்கள். அரசின் கிராமச் செவிலியர்கள் மேடும் பள்ளமும் நடந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. ஆயினும் 2023ஆம் ஆண்டு மே திங்களில், அதே வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலைமேல், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை நல்ல சாலை இல்லாத காரணத்தால் காலத்தில் கொண்டு சேர்க்க முடியவில்லை. உயிர் போன பின்னே, உடலை ஏற்றிவந்த வண்டியும் முழுத் தொலைவும் ஏற முடியவில்லை. பிள்ளையின் உடலைச் சுமந்து நடந்தாள் பெற்ற தாய். நாடே பார்த்தது; நாமும் பார்த்தோம்.

ஒரு பக்கம் நாட்டின் நாலா மூலையிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் வேலூர். அதன் கண்ணுக்கெட்டிய தொலைவிலே, மருத்துவம் எட்டாத மலை. திண்டிவனத்து மூன்று வீடுகளில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று வழக்கம் வாசலை அடைத்தது. இன்று பாதை இல்லாமை அடைக்கிறது. அன்றும் மருத்துவர் அருகிலேயே இருந்தார். இன்றும் அருகிலேயே இருக்கிறார். இடையிலே கிடக்கும் அந்தத் தூரத்தை யார் கடப்பது என்பதுதான் அன்றைய கேள்வி, இன்றைய கேள்வி.

ஆம்பூரில் தோல் பதனிடும் தோழனே, குடியாத்தத்தில் தறி நெய்யும் தோழனே! உன் வீட்டிலே படிக்கும் பெண் நர்சாக விரும்பினால் தடுக்காதே. தீட்டு என்று எவனாவது சொன்னால், அவன் தாயைப் பெற்றெடுக்க உதவிய கை யாருடையது என்று கேள். உன் ஊர்ச் செவிலி நடந்து வரும்போது எழுந்து நின்று வழிவிடு. மலைமேல் இருக்கும் குடிசைக்குச் சாலை கேட்டு மனு எழுதும்போது, உன் கையெழுத்தும் அதிலே இருக்கட்டும். ஆள்வோர் யாராயினும், அந்தச் சாலை போடும்வரை கேட்டுக்கொண்டே இரு.

ஐடா அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணிக்கு 2000ஆம் ஆண்டில் வேலூர் நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. மலையிலே கடைசிக் குடிசையில் வலியெடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில், பயிற்சி பெற்ற ஒரு நர்சு நேரத்துக்கு வந்து உட்காரும் நாளில் நாம் கொண்டாடுவோம் அடுத்த விழாவை. அதுவரை, அவர் தொடங்கிய வேலை நம் தோள்மேல்தான் இருக்கிறது.